வீரபாண்டி நிமிர்த்திய ரெக்கார்டு

தேயிலைக் கொழுந்து வாட்டுகிற தொட்டியின் கம்பிவலைமேல் கையை வைத்த வீரபாண்டி திடுக்கிட்டுக் குனிந்தார். காலையில் தட்டையாக வைத்துவிட்டுப் போன கிராமபோன் ரெக்கார்டு, எண்ணெய்ச் சட்டியில் விழுந்த அப்பளம் மாதிரி ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே என்று நெளிந்து கிடந்தது. தொட்டால் இன்னும் சூடு. அழுத்தினால் உடைந்துவிடுமோ என்று கையை எடுத்துக்கொண்டார். சுற்றுமுற்றும் பார்த்தார். நல்லவேளை, மற்றவர்கள் லாரியிலிருந்து கொழுந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

யாரைத் திட்டுவது? செய்தது அவர் கைதான். முப்பத்தெட்டு வருஷமாக அந்த ஃபேக்டரியில் கொழுந்து வாட்டுகிற ஆள் அவர். மழையில் நனைந்த கொழுந்து வந்தால் சூட்டுக் காற்றைத் திறந்துவிட வேண்டும். அதை அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, கை தானாகப் போகும். பத்து மணிக்கு நனைந்த கொழுந்து வந்தது, கை தானாகப் போய் லீவரை இழுத்துவிட்டது. காற்று வருகிற வாய்க்குப் பக்கத்திலேயே ரெக்கார்டு இருக்கிறது என்பது மண்டைக்கு எட்ட மதியச் சங்கு ஊத வேண்டியிருந்தது. அதற்குள் ஆகவேண்டிய கேடெல்லாம் ஆகிவிட்டது.

ரெக்கார்டு அவருடையதா என்றால் இல்லை. மகள் ஆர்த்தியுடையதா என்றால் அதுவும் இல்லை. சித்திரபுரத்துக்கு மேலே, பழைய துரை குடியிருந்த பங்களாவைத் தேயிலைக் கம்பெனி இப்போது டூரிஸ்ட் பங்களாவாக ஆக்கி வைத்திருக்கிறது. அங்கே ஒரு கிராமபோன், ஒரு மர அலமாரி நிறைய ரெக்கார்டு, எல்லாம் அந்தத் துரை விட்டுவிட்டுப் போனது. வருகிறவர்களுக்கு அதைச் சுற்றிக் காட்டிக் கதை சொல்வது ஆர்த்திக்கு வேலை. வேலை என்றால் ஆறு மாசத் தற்காலிக வேலைதான். நிரந்தரமானால் கம்பெனிப் பதிவேட்டில் பேர் ஏறும்.

அந்தப் பேர் ஏறுவதில்தான் குடும்பத்தின் குடுமியே இருந்தது. மாசக் கடைசியில் வீரபாண்டிக்கு ரிட்டயர்மென்ட். குடும்பத்தில் ஒருத்தராவது கம்பெனி ஆளாக இருந்தால்தான் கம்பெனி கொடுத்த லயத்து வரிசை வீடு நிலைக்கும். இல்லாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். அவர் சம்சாரம் சுருளியம்மாள் கால் வீங்கிக் கொழுந்து பறிக்கிற வேலையை விட்டு அஞ்சு வருஷம் ஆகிறது. கிளம்புவது என்றால் எங்கே? அவருக்குக் கம்பத்துப் பக்கம் ஒரு ஊர் சொந்த ஊர் என்று ரேஷன் கார்டு எடுக்கும்போது அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். பிறந்தது இதே லயத்தில். மூன்றாவது வாசல்.

சனிக்கிழமை ஒரு அமெரிக்க அம்மாள் வரப்போகிறாள். பழைய பாட்டுகளைத் தேடி ஊர் ஊராகக் கூட்டம் கூட்டிக்கொண்டு போகிற டூர் கம்பெனிக்காரி. அவளுக்குப் பிடித்துப்போய் பங்களாவைத் தன் பட்டியலில் சேர்த்தால் ஆர்த்திக்கு நிரந்தர வேலை ஆர்டர் கையில் கிடைக்கும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அந்த அம்மாள் குறிப்பாகக் கேட்டிருந்தது இந்த ஒரு ரெக்கார்டைத்தான். அதில்தான் ரெண்டு மழைக்காலத்துப் பூஞ்சணம் வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடந்தது. கொச்சியில் கௌசிக் என்று ஒருத்தர், இந்த மாதிரி ரெக்கார்டையெல்லாம் சுத்தம் பண்ணுகிற நிபுணர். வருகிறேன் என்றார். மண் சரிந்து ரோடு அடைத்ததும் வரவில்லை. மேனேஜர் அதை மறந்தேபோனார். ஆர்த்தியால் மறக்க முடியுமா?

பங்களாச் சாமான் எதுவும் கேட்டைத் தாண்டக் கூடாது. போன வருஷம் சமையல்காரர் ஒருத்தர் பித்தளைக் கூஜாவைப் புளி போட்டுத் தேய்க்க வீட்டுக்குக் கொண்டுபோனார். திரும்பக் கொண்டுவந்தும் அன்றைக்கே சீட்டு கிழிந்தது. அதெல்லாம் தெரிந்துதான் ஆர்த்தி செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ரெக்கார்டை மழைக்கோட்டுக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

"பூஞ்சணம் துடைச்சா போகுதுப்பா. ஆனா உள்ளே ஈரம் நிக்குது, மறுநாளே திரும்பப் பூக்குது," என்றாள்.

"ஈரம்தானே? இவ்வளவுதானா?" என்று சிரித்தார் வீரபாண்டி. "ஈரம் எடுக்கிறதுக்குத்தானே எனக்குக் கம்பெனி சம்பளம் குடுக்குது. என்கிட்ட விடு."

அந்த வாய்க்கொழுப்பை நினைத்தால் இப்போது அவருக்கே தன்னைக் கன்னத்தில் அறையலாம் போலிருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு எப்படி நடந்து வந்தார் என்று அவருக்கே தெரியாது. ரெக்கார்டைச் சாக்கில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி தூக்கி வந்தார். ஆர்த்தி அடுப்படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சனிக்கிழமைக்குச் சொல்ல வேண்டிய கதையை அம்மாவிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். தினமும் நடப்பதுதான். இங்கிலீஷில் ஒரு தரம், அம்மாவுக்காகத் தமிழில் ஒரு தரம்.

"இந்த ராக் அண்ட் ரோல் பாட்டுன்னா எல்லாரும் எல்விஸ் பிரெஸ்லி பேரைத்தான் சொல்லுவாங்கம்மா. சக் பெர்ரி, லிட்டில் ரிச்சர்ட்னு இன்னும் ரெண்டு பேர் சொல்லுவாங்க. அவங்களுக்கெல்லாம் முன்னாடியே ஒரு பொம்பளை கரண்ட் கிடாரைத் தோள்ல மாட்டிக்கிட்டு அந்த மாதிரி வாசிச்சிருக்கா. சிஸ்டர் ரோசெட்டா தார்ப், இந்த ரெக்கார்டுல பாடுறவ. அவ பிறந்த ஊர் பேரே பருத்திச்செடின்னு அர்த்தம். அப்பா அம்மா பருத்தி பறிக்கிறவங்க."

"நம்ம கொழுந்து பறிக்கிற மாதிரியா?"

"அதே மாதிரிதான். சர்ச்சுல பாடுற சாமி பாட்டைத்தான் அவ அப்படித் துள்ளத் துள்ள வாசிச்சா. சர்ச்சுக்காரங்க சில பேருக்கு அது பிடிக்கலை. பின்னாடி வந்தவங்கெல்லாம் அவகிட்டக் கேட்டுத்தான் கத்துக்கிட்டாங்க. பேரு அவங்களுக்கு வந்துச்சு. இவ ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தி மூணுல செத்தப்போ கல்லறையில பேர் வெட்டின ஒரு கல்லுகூட இல்லை. முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சுத்தான் வெச்சாங்க."

"பாவி மக்கா," என்றாள் சுருளியம்மாள். இந்த இடத்துக்கு வந்தால் தினமும் அதையேதான் சொல்லுவாள். பிறகு வாசலில் நின்ற புருஷனைப் பார்த்தாள். "என்னங்க, மூஞ்சி ஏன் செத்துக் கிடக்கு?"

வீரபாண்டி சாக்கைப் பிரித்துக் காட்டினார்.

ஆர்த்தி கத்துவாள் என்று நினைத்தார். கத்தியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் ரெக்கார்டைக் கையில் வாங்கக்கூட இல்லை. கிட்டே வந்து குனிந்து பார்த்தாள்.

"சூடு வெச்சீங்களா?"

"வெச்சேன்னு இல்லைம்மா. வெச்சது மறந்துபோச்சு."

"அப்பா, இது பிளாஸ்டிக் இல்லை. அரக்கு."

அரக்கு என்று தெரிந்திருந்தால் அவர் சூட்டுக் காற்று வருகிற திசைக்கே கொண்டுபோயிருக்க மாட்டார். இனி அதைச் சொல்லி என்ன? சுருளியம்மாள் சுவரைப் பிடித்து எழுந்து வந்தாள். "அப்போ வீடு?" என்று கேட்டாள்.

ஆர்த்தி ஃபோனை எடுத்து, நெளிந்த ரெக்கார்டை நிமிர்த்த வழி தேட ஆரம்பித்தாள். சிக்னல் வாசல் படியில் மட்டும்தான் கிடைக்கும், மழைச் சாரலில் படியிலேயே உட்கார்ந்து தேடினாள். எவனோ ஒரு வெள்ளைக்காரன் வீடியோவில் செய்து காட்டுகிறான். ரெண்டு கண்ணாடிக்கு நடுவில் ரெக்கார்டை வைக்க வேண்டும். மெதுவாகச் சூடு காட்ட வேண்டும். தானாக இளகித் தட்டையாகும். பிறகு கண்ணாடியோடு அப்படியே ஆறவிட வேண்டும். சூடு கூடினால் பாட்டு ஓடுகிற கோடெல்லாம் அழிந்துவிடும். சீக்கிரம் ஆறினால் வெடித்துவிடும்.

"எவ்வளவு சூடுன்னு சொல்றான்?" என்று கேட்டார் வீரபாண்டி.

"அவன் அடுப்புல நம்பர் வெச்சுச் சொல்றான்பா. நம்மகிட்ட அந்த அடுப்பு ஏது?"

"வெயில்ல வைக்கலாமா?"

ஆர்த்தி வெளியே கையை நீட்டிக் காட்டினாள். பதினோரு நாளாக வெயில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வீரபாண்டி எழுந்து சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவை இறக்கினார். பின்னாலிருந்த ஆணியை நெம்பிக் கண்ணாடியை உருவினார். பக்கத்தில் முருகன் படம். அதையும் இறக்கும்போது மட்டும் சுருளியம்மாள், "முருகா, கோவிச்சுக்காதே," என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ரெண்டு கண்ணாடியும் ஏறத்தாழ ஒரே அளவு.

மறுநாள் வியாழக்கிழமை. தேயிலைத்தூளை உலர்த்துகிற டிரையரை ஓட்டும் சதீஷ் மட்டும் விஷயம் தெரிந்தவன். டிரையர் மேல்தகட்டில், புகைக்குழாயை விட்டுத் தள்ளி ஒரு இடம் உண்டு. மழைக்காலத்தில் ஆட்கள் நனைந்த சட்டையை அங்கேதான் காயப்போடுவார்கள். வீரபாண்டி அந்தத் தகட்டில் புறங்கையை வைத்து வைத்துப் பார்த்தார். இங்கே அதிகம். இங்கே போதாது. ஒரு முழம் தள்ளி ஒரு இடத்தில் கை நின்றது.

"என்னண்ணே, அப்பளம் பொரிக்கப் போறீங்களா, சுடப் போறீங்களா?" என்றான் சதீஷ்.

"வாயை மூடிக்கிட்டு அந்தப் பக்கம் யாராவது வர்றாங்களான்னு பாருடா."

கண்ணாடிக்கு நடுவில் ரெக்கார்டு. மேலே சின்ன எடைக்கல் ஒன்று. கண்ணாடி வழியாகக் கறுப்பு வளையம் நெளிந்து தெரிந்தது. முதல் கால் மணி நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. கொஞ்சம் புகைக்குழாய்ப் பக்கம் தள்ளலாமா என்று வீரபாண்டியின் கை போயிற்று. நேற்றும் இந்தக் கைதானே போயிற்று என்று நினைத்ததும் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். மறுபடியும் போயிற்று. மறுபடியும் இழுத்தார். கடைசியில் வலது கையைத் தகட்டிலேயே, கண்ணாடிக்குப் பக்கத்தில் ஊன்றிக்கொண்டார். ரெக்கார்டுக்கு என்ன சூடோ அது தன் கைக்கும் தெரியட்டும், கூடினால் முதலில் எனக்குத் தெரியட்டும் என்று கணக்கு. சூடு கூடத்தான் செய்தது. சதீஷ் உள்ளே விறகு தள்ளியிருந்தான். கை பொறுக்க முடியாமல் போனபோது கண்ணாடியை அரை அடி வெளியே நகர்த்தினார். கையை எடுத்துப் பார்த்தால் உள்ளங்கையில் கொப்புளம்.

அப்போதுதான் கவனித்தார். மேல் கண்ணாடி இறங்கியிருந்தது. நெளிவு பாதிக்குமேல் போய்விட்டது. அடுத்த அரை மணி நேரத்தில் மீதியும் போயிற்று.

பிறகு ஆறவைக்க வேண்டும். வெளிக்காற்று பட்டால் வெடிக்கும். கண்ணாடியோடு சாக்கில் சுற்றி, காய்ந்த தேயிலைத்தூள் இளஞ்சூடாகக் கிடந்த பெட்டியில் புதைத்தார். தூள் ஆறுகிற வேகத்தில் அதுவும் ஆறட்டும். அது எந்த வெள்ளைக்காரனும் ஃபோனில் சொல்லாதது, அவர் சொந்த யோசனை.

வெள்ளிக்கிழமை காலையில் பிரித்தபோது ரெக்கார்டு கட்டாந்தரை மாதிரி தட்டையாக இருந்தது. ஆர்த்தி ஃபேக்டரிக்கே வந்து அதை மழைக்கோட்டுக்குள் வைத்துக் கொண்டுபோனாள். கேட்டில் வாட்ச்மேன் குட்மார்னிங் சொன்னபோது கோட்டுப் பித்தானைப் பிடித்தபடியே நடந்ததாகப் பின்னால் சொன்னாள். மேனேஜர் ஆபீசுக்குப் போன நேரம் பார்த்து ஒரு தரம் ஓடவிட்டாள். ஆரம்பத்தில் கிடார் கொஞ்சம் தள்ளாடியது. பிறகு சரியாகிவிட்டது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்று, "பாடுதுப்பா," என்று அந்த ஒரு வார்த்தைதான் சொன்னாள். சுருளியம்மாள் அழுதேவிட்டாள்.

சனிக்கிழமை வீரபாண்டிக்கும் பங்களாவில் வேலை இருந்தது. விருந்தாளிகளுக்குக் கொழுந்து வாட்டுவதை விளக்க ஒரு பழைய ஆள் வேண்டும் என்று மேனேஜர் அவரைத்தான் கூப்பிட்டிருந்தார். கையில் கட்டு போட்டுக்கொண்டு, தட்டில் வாடிய கொழுந்தோடு வராந்தாவில் நின்றார். வெள்ளைக்காரத் துரைசாணி ஒருத்தி இறங்குவாள் என்று எதிர்பார்த்து நின்றவருக்கு ஜீப்பிலிருந்து இறங்கியவளைப் பார்த்ததும் ஆச்சரியம். கறுப்பு. அவரைவிட ஒரு சுற்றுக் கறுப்பு. எழுபது வயசிருக்கும், நரைத்த சுருட்டை முடி, கழுத்தில் ஒரு நோட்டும் பென்சிலும் கயிறு கட்டித் தொங்கின.

அந்த அம்மாள் கொழுந்தை முகர்ந்து பார்த்தாள். அவர் கைக்கட்டைப் பார்த்து என்ன ஆயிற்று என்று சைகையில் கேட்டாள். "டிரையர், மேடம்," என்றார். அய்யோ என்கிற மாதிரி முகத்தைச் சுளித்தாள். "உங்கள் பேர்?" என்று கேட்டு நோட்டை எடுப்பதற்குள் மேனேஜர், "திஸ் வே, மேடம்," என்று உள்ளே கூட்டிப்போய்விட்டார்.

ஜன்னல் திறந்திருந்தது. வீரபாண்டிக்கு இங்கிலீஷ் பேச வராது, கேட்டால் முக்கால்வாசி விளங்கும். அதிலும் மகள் சொல்லப்போகிற கதை அவருக்கு மனப்பாடம். அவள் எங்கேயும் தடுமாறவில்லை. பருத்திச்செடி ஊர், சர்ச்சு, கிடார், கல்லறை என்று வரிசையாக வந்தது. அந்த அம்மாள் குறுக்கே பேசாமல் கேட்டாள். தன் பாட்டியும் பருத்தி பறித்தவள்தான், அதே மாதிரி சர்ச்சில்தான் பாடுவாள், அவள் பேர் எந்த ரெக்கார்டிலும் இல்லை என்று சொன்னாள். அதனால்தான் எங்கே போனாலும் பேர்களை எழுதிக்கொள்கிறேன் என்று நோட்டைத் தூக்கிக் காட்டினாள். பிறகு ஆர்த்தி ரெக்கார்டைப் போட்டாள்.

கிடார் தள்ளாடியது. அப்புறம் அது பிடித்துக்கொண்டு ஓடியது, அந்தப் பொம்பளை குரல் மலையேறுகிற ஜீப் மாதிரி முக்கி மேலேறியது. அந்த அம்மாள் கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டாள். ஜெயித்துவிட்டோம் என்றுதான் வீரபாண்டி நினைத்தார்.

பாட்டு முடிந்ததும் அவள் ரெக்கார்டைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"இது ஒரு தடவை நெளிந்திருக்கிறது," என்றாள். "யாரோ நிமிர்த்தியிருக்கிறார்கள். இந்த அளவுக்கு யாரும் நிமிர்த்தி நான் பார்த்ததில்லை. பாதிப் பேர் உடைத்துவிடுவார்கள். யார் செய்தது?"

மேனேஜருக்கு நெளிவும் தெரியாது, நிமிர்வும் தெரியாது. ஆனால் பாராட்டு என்று ஒன்று வருகிறது என்பது மட்டும் அவருக்குத் தெரிந்துபோயிற்று. அரை நொடிகூட யோசிக்கவில்லை.

"அது நாங்கள் கொச்சியிலிருந்து எக்ஸ்பர்ட்டைக் கூட்டி வந்தோம் மேடம். மிஸ்டர் கௌசிக். ஆர்த்தி கூடவே இருந்தாள். அல்லே, ஆர்த்தி?" என்று மலையாளத்தில் அவளையும் சாட்சிக்கு இழுத்தார்.

அந்த அம்மாள் பென்சிலை எடுத்துக்கொண்டு ஆர்த்தியைப் பார்த்தாள். ஆர்த்தி ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே கொழுந்துத் தட்டோடு அவள் அப்பா நின்றார்.

அவள் வாய் திறப்பதை வீரபாண்டி பார்த்தார். என்ன சொல்லப் போகிறாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பெற்றவருக்குத் தெரியாதா? இவள் சொல்லிவிடுவாள். ரெக்கார்டு கேட்டைத் தாண்டியது தெரிந்துபோகும், பித்தளைக் கூஜா கதைதான். மூன்றாவது வாசல் போய்விடும். அவர் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று ஆட்டினார். கட்டுப்போட்ட கையைத் தட்டுக்கு அடியில் மறைத்துக்கொண்டார்.

"எஸ், மேடம்," என்றாள் ஆர்த்தி. "மிஸ்டர் கௌசிக்."

அந்த அம்மாள் எழுதிக்கொண்டாள்.

வீரபாண்டி மூச்சு விட்டார். தப்பித்தோம் என்று இருந்தது. அந்த மூச்சு முடிவதற்குள்ளேயே நெஞ்சில் எங்கேயோ சுருக்கென்றது. இதென்ன கூத்து, மறைக்கச் சொன்னது யார், நீதானே தலையை ஆட்டினாய் என்று தன்னையே திட்டிக்கொண்டார். திட்டினாலும் அது போகவில்லை. கிளம்பும்போது அந்த அம்மாள் வராந்தாவில் நின்று அவருக்கும் ஒரு வணக்கம் வைத்தாள். நோட்டு கழுத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை ஆர்டர் வந்துவிட்டது. பேர் ஏறிவிட்டது. வீடு நிலைத்தது. லயத்தில் எல்லோருக்கும் சுருளியம்மாள் கேசரி கொடுத்தாள். ஆர்த்தி மட்டும் கேசரியைத் தொடவில்லை. மேனேஜர் அவள் சொல்ல வேண்டிய கதையைப் புதிதாக டைப் அடித்துக் கொடுத்திருந்தார். கடைசியில் ஒரு வரி சேர்ந்திருந்தது. இந்த அரிய ரெக்கார்டை நிமிர்த்திச் சீராக்கியவர் கொச்சியைச் சேர்ந்த திரு. கௌசிக்.

"இனிமே தினமும் இதைச் சொல்லணுமாம்பா," என்றாள். "இன்னைக்கு ரெண்டு கூட்டம் வந்துச்சு. ரெண்டு தடவையும் அந்த வரியை விட்டுட்டேன். மேனேஜர் கேட்டுட்டுத் திட்டினார். வாய் வர மாட்டேங்குது."

வீரபாண்டி சுவரைப் பார்த்தார். கல்யாணப் போட்டோ கண்ணாடி போடாமல் தொங்கியது. கண்ணாடியை இன்னும் ஃபேக்டரியிலிருந்து கொண்டுவரவில்லை. அவருக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. அழுதால் மகள் நாளைக்கு அந்த வரியைச் சொல்லவே மாட்டாள் என்றும் தெரிந்தது. பாயை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தார்.

"எடு அந்தப் பேப்பரை. நான்தான் டூரிஸ்ட். கேக்கறேன், சொல்லு."

"வேண்டாம்பா."

"ஏம்மா, ரெக்கார்டு ரொம்ப அருமையா இருக்கே. யாரு நிமித்துனது?"

ஆர்த்தி தலையைக் குனிந்துகொண்டாள். சுருளியம்மாள் கரண்டியோடு அடுப்படியிலேயே நின்றுவிட்டாள்.

"சொல்லும்மா. வீடு வேணும்ல? யாரு நிமித்துனது?"

"மிஸ்டர் கௌசிக்," என்றாள் ஆர்த்தி. "கொச்சி."

"காதுல விழலை. இன்னும் சத்தமா."

அவள் நிமிர்ந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தபடியே சத்தமாகச் சொன்னாள். நாலாவது வாசல் வரைக்கும் கேட்டிருக்கும்.